பதிவேட்டில் நின்ற கல்

புதிதாக சர்வே வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குக் கருவிகளைப் பற்றிச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். என்னை என் பணிக்காலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பணிக்காலம் முழுவதையும் எழுதப் போவதில்லை. ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம் முன்பு மலையில் தேடிய ஒரு கல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். அரசு வேலைக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் ஆண்டிபட்டியிலிருந்து மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதினேன். அப்பா அந்தப் பத்திரிகைக்கு ஏஜெண்ட். செய்தி அனுப்புவதும் அவர் வேலைதான். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் அது என் தலையில் விழுந்தது. எழுதி, கவரில் போட்டு, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். ஒருமுறை வைகை அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று எழுதியிருந்தேன். மறுநாள் செய்தி ஆசிரியர் எங்கள் பக்கத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டார்.

"அளவை நீ பாத்தியாம்மா?"

"அணையில வேலை பாக்கிறவுக சொன்னாக சார்."

"அப்ப சொன்னாங்கன்னு எழுது. பாத்த மாதிரி எழுதாத."

போனை வைத்துவிட்டார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே சர்வேத் துறையில் கடைசிவரை வேலை பார்த்தேன் என்று எழுத ஆசைதான். முழுக்க அப்படி இல்லை என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இனி கல். கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்க மலையில், இரண்டு கிராம எல்லைகளும் காட்டின் எல்லையும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அந்த மாதிரி இடத்தில் நடுகிற கல்லை முச்சந்திக் கல் என்போம். வயலில் நடுகிற கல்லைவிடப் பெரியது. கிராம வரைபடத்தில் அது கூகைப்பாறை என்கிற பாறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணமாக இருந்தது. அங்கிருந்து கீழே ஓடைக்கரையில் இருக்கும் அடுத்த கல்லுக்கு ஒரு நேர்கோடு. கோட்டுக்கு மேலே காடு, கீழே பட்டா நிலம்.

அந்தக் கோட்டுக்குக் கீழே தவமணி என்கிற அம்மாவுக்கு இரண்டே முக்கால் ஏக்கர் இலவந்தோப்பு இருந்தது. புருஷன் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அந்த மரங்களின் பஞ்சுதான் சாப்பாடு. தோப்பு காட்டுக்குள் வருகிறது என்று வனத்துறை போட்ட வழக்கு ஒன்று. முச்சந்திக் கல் கூகைப்பாறையில் இல்லை, அதற்குக் கீழே உள்ள கீழ்மொட்டை என்கிற மேட்டில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது எதிர்த்தரப்பு வாதம். அது சரியென்றால் கோடு தோப்புக்குக் கீழே போய்விடும். தவமணி இறங்கிவிட வேண்டியதுதான்.

கூட்டாகப் போய்க் கல்லைக் கண்டுபிடித்து அறிக்கை தாருங்கள் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அடுத்த விசாரணை திங்கட்கிழமை. கோப்பு என் மேஜைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.

கோப்பில் ஒரு தாள்தான் முக்கியம். கல் ஆய்வுப் பதிவேட்டிலிருந்து டைப் அடித்து எடுத்த நகல். வருடாவருடம் கற்களைப் போய்ப் பார்த்து இருக்கிறதா இல்லையா என்று எழுத வேண்டும் என்பது உங்களுக்கும் சொல்லித்தந்திருப்பார்கள். முச்சந்திக் கல்லுக்கு நேராக இருபத்தாறு பதிவுகள். இருபத்தாறிலும் ஒரே சொல்: உள்ளது. கடைசிப் பதிவு அதற்கு முந்தைய வருடத்தியது.

இதன் பொருள் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போன வருடம்வரை கல் இருந்தது, இப்போது இல்லை என்றால், யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கினால் யாருக்கு லாபம்? அதற்குப் பக்கத்தில் குடியிருப்பது ஒரே ஒரு குடும்பம். தோப்பும் போய், எல்லைக்கல்லைப் பிடுங்கிய குற்ற வழக்கும் தவமணி மேல் வரும். கோப்பில் அப்படி ஒரு குறிப்பு ஏற்கனவே பென்சிலில் எழுதியிருந்தது.

புதன்கிழமை காலை ஓடைப்பட்டி தாண்டி, திராட்சைப் பந்தல்கள் முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஏறினோம். நான், என் உதவியாளர் பரமன், காட்டுத் தரப்பில் ஒரு வனவர். வனவருக்குப் பெரியகுளம். நிதானமான மனிதர். பரமனுக்கு என்னைவிட நாலு வயது குறைவு, வாய் மட்டும் நாற்பது வயது குறைவு. மூன்றரை மணி நேர ஏற்றம். பாதை இரண்டு இடத்தில் பிரிகிறது. இரண்டு இடத்திலும் தப்பாகப் போய்த் திரும்பி வந்தோம்.

மாசி கடைசி. இலவங்காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. தோப்பை நெருங்கும்போது தரையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிடந்தது. தவமணி அம்மா துரட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்கிலும் வாயிலும் பஞ்சு போகாமல் துணி கட்டியிருந்தார். அதை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"இதுக்கு முந்தி இங்கன வந்திருக்கீகளா சர்வேயரம்மா?"

"இல்லம்மா. இதுதான் முதல் தடவை."

"அதான பாத்தேன். கல்யாணமாகி வந்து முப்பத்தி மூணு வருசம் ஆச்சு. சர்வேயருன்னு ஒருத்தரு ஏறி வந்து நான் பாத்ததில்ல. போன மாசம் ரெண்டு பேரு கீழ வரைக்கும் வந்தாக. கல்ல நாந்தான் பிடுங்கிட்டேன்னு சொன்னாக. நான் பாக்காத கல்ல எப்பிடித்தா பிடுங்குவேன்?"

வனவர் தண்ணீரைக் குடித்தார். நான் என் நோட்டில், 'முப்பத்து மூன்று ஆண்டுகளில் சர்வேயர் வந்ததில்லை என்று தவமணி சொன்னார்' என்று எழுதிக்கொண்டேன். சொன்னார் என்றுதான் எழுதினேன்.

கருவி கூகைப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைக் காட்டியது. பழைய வரைபடத்திலிருந்து எடுத்த புள்ளி, முப்பது மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். அதனால் நாற்பது மீட்டருக்கு வட்டம் போட்டுத் தேடினோம். இடுப்பளவு காய்ந்த புல். கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தோம். பாறையில் ஏதும் வெட்டுக்குறி இருக்கிறதா என்று கையால் தடவினோம். பிறகு கீழ்மொட்டைக்கும் இறங்கி அங்கேயும் அதே மாதிரி தேடினோம். ஒன்றும் இல்லை. மூன்றரை மணிக்கு வனவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு மேல் ஓடைப் பக்கம் யானை தண்ணீருக்கு வரும், இறங்கிவிட வேண்டும்.

"கீழயிருந்து ஒரு கல்லத் தூக்கிட்டு வந்து ஊண்டிருந்தா இந்நேரம் வீட்டுல காப்பி குடிச்சிருக்கலாம் மேடம்" என்றான் பரமன்.

"தூக்கிட்டு வர நீ ரெடியா?"

"எனக்கு முட்டிவலி. வனவரய்யா தூக்குவாரு."

"நான் தூக்குனா கீழ்மொட்டையிலதான் ஊண்டுவேன்" என்றார் வனவர். எல்லாரும் சிரித்தோம். தவமணியின் தம்பி சுருளி அப்போது பக்கத்தில் பஞ்சு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் நோட்டில் எழுதவில்லை. எழுத அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை நாங்கள் ஏறி வரும்போது சுருளியே எதிரே வந்தார்.

"மேடம், நேத்து ஒங்க கண்ணுல படல. எனக்கு ஞாபகம் வந்துருச்சு. சின்ன வயசுல மாடு தேடி வந்தப்ப பாத்திருக்கேன். வாங்க, காட்டுறேன்."

கூகைப்பாறைக்குத் தெற்கே, நாங்கள் தேடிய வட்டத்துக்குச் சற்று வெளியே, இரண்டு புதருக்கு நடுவில் ஒரு கல் நின்றது. தலையில் அம்புக்குறி செதுக்கிய அசல் சர்வே கல். பழைய கல். பரமன் கையைத் தட்டினான். வனவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"சரி, கெடைச்சிருச்சு" என்றார். "எனக்கு ஆட்சேபணை இல்ல. உள்ளத ஒத்துக்கிற வேண்டியதுதான்."

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. இரண்டு நாள் ஏறி இறங்கியவருக்கு, யார் பக்கம் என்பதைவிட முடிந்தது என்பதே பெரிதாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தேடிக் களைத்தவன் கண் முன்னால், தேடிய பொருள், தேடிய இடத்தில் நிற்கிறது. கிடைத்ததில் ஒரு ஏழை அம்மாவுக்கு நல்லதும் நடக்கப் போகிறது. எதிர்த்தரப்பே ஒத்துக்கொள்கிறது. கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

பரமன் எனக்குத் தெரியாமல் பாறை மேல் ஏறி, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டான். ஐந்து நிமிடத்தில் என் மேலதிகாரி அவன் போனுக்கே கூப்பிட்டார். நானும் பாறை மேல் ஏறிப் போய் வாங்கினேன்.

"கிடைச்சிருச்சாமே! அங்கேயே மகஜர் எழுதி எல்லார் கையெழுத்தும் வாங்கிடுங்கம்மா."

"இன்னும் பாத்து முடிக்கல சார்."

"கல்லைப் பாத்தாச்சுல்ல? அப்புறம் என்ன பாக்கணும்? எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. இதை இழுத்துக்கிட்டு நிக்காதீங்க."

கீழே இறங்கி வந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் போல எதுவும் செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளந்தேன். முச்சந்திக் கல்லுக்கு இருக்க வேண்டிய அகலத்தில் பாதிதான் இருந்தது. அம்புக்குறியின் பள்ளத்தில் சாம்பல் நிற மண் காய்ந்து கிடந்தது. மலையில் மண் சிவப்பு. அந்தச் சாம்பல் மண் வாய்க்கால் பாய்கிற நெல்வயலில் இருக்கும். கல்லின் மேல் விளிம்பில் ஒரு பக்கம் வழுவழுவென்று குழிந்திருந்தது. விரலை வைத்தால் விரல் சரியாக உட்கார்ந்தது.

அந்தக் குழியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அறுப்புக்கு வருகிறவர்கள் கதிரரிவாளைத் தீட்ட வரப்புக் கல்லில்தான் தேய்ப்பார்கள். வருடக்கணக்கில் தேய்த்தால் அப்படிக் குழியும். ஆளே வராத மலை உச்சியில் யார் அரிவாள் தீட்டினார்கள்?

"பரமா, தோண்டு."

பழைய காலத்து சர்வேயர்கள் முச்சந்திக் கல் நடும்போது குழியில் முதலில் அடுப்புக்கரி போட்டு, அதன்மேல் கல்லை நிறுத்துவார்கள். கல்லைப் பிடுங்கலாம், உடைக்கலாம், கரி மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். பரமன் முழங்கை ஆழம் தோண்டினான். கடப்பாறை வேண்டியிருக்கவில்லை, கையாலேயே மண் வந்தது. கரி இல்லை. குழிக்குள் நசுங்கிய பச்சைப் புல் இருந்தது.

வனவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். யாரும் சுருளியைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் தவமணி அம்மா எங்களுக்குக் கேப்பைக்கூழ் எடுத்துக்கொண்டு வந்தார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, சாய்ந்து கிடந்த கல்லைக் குனிந்து பார்த்தார். விளிம்பில் இருந்த குழியைத் தடவினார்.

"ஏலே சுருளி. இது நம்ம வயக்கல்லுல்ல?"

சுருளி காலால் மண்ணைக் குழிக்குள் தள்ளினார்.

"வாய்க்கா மூலையில கிடந்த கல்லுடா இது. அம்மா இதுலதான அருவாத் தீட்டும். நானே எத்தன தடவ தீட்டியிருக்கேன். இது எப்பிடி இங்கன வந்துச்சு?"

"ஒனக்காகத்தேன் தூக்கிட்டு வந்தேன்" என்றார் சுருளி. "விடியமுந்தி கிளம்பி, தலையில வச்சு. கல்லு இல்லன்னா ஒன்னயப் பிடிச்சுப் போட்ருவாகன்னு சொல்றாகல்ல? கல்லு இருந்துட்டா முடிஞ்சு போச்சுல்ல?"

"கிறுக்குப்பயலே! அங்க ஒன் வயலுக்கு எல்ல எதுடா? பக்கத்து வயக்காரன் நாளைக்கு நாலு சால் சேத்து உழுதான்னா என்னடா செய்வ?"

அதை அவர் யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அக்காவின் எல்லையைக் காப்பாற்றத் தன் எல்லையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மூன்றரை மணி நேர ஏற்றத்தில் முப்பது கிலோ.

தவமணி என் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்கம்மா. எங்க கல்லுதான்னு நாஞ்சொன்னேன்னு எழுதுங்க."

"எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம்மா."

"எழுதாட்டி? நாளைக்கு இன்னொருத்தரு வந்து தோண்டுனா இதத்தான் பாப்பாக. அன்னைக்கு நீங்களும் மாட்டுவீக."

எழுதினேன். கல் காட்டப்பட்டது, அது வயல் கல், கொண்டுவந்தவர் தானே ஒப்புக்கொண்டார், அக்காள் அடையாளம் சொன்னார். எல்லாவற்றையும் எழுதினேன். சுருளி மேல் வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது வனவர் கையில் இருந்தது. அவர் கூழைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "தூக்கிட்டு வந்த ஆளே தூக்கிட்டு இறங்கட்டும். இன்னைக்கே, இருட்டுறதுக்குள்ள, அது இருந்த இடத்துலயே நிக்கணும். மேடம் அளந்து குடுப்பாக."

இறங்கும்போது சுருளி தலையில் கல், பின்னால் பரமன்.

"மாப்ள, ஏறும்போது சுலபமா, இறங்கும்போது சுலபமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். சுருளி கடைசியில் தாங்காமல், "அண்ணே, அந்தா அந்தத் திருப்பம் வரைக்கும் நீங்க கொஞ்சம் வைங்க, அப்பத் தெரியும்" என்றார். பரமனுக்கு உடனே முட்டிவலி வந்துவிட்டது.

சாயங்காலம் அந்தக் கல்லைச் சுருளியின் வாய்க்கால் மூலையில் அளந்து நட்டோம். அவ்வளவு சுலபமாக முடிந்தது அந்த ஒன்றுதான். மலையில் கல் இன்னும் கிடைக்கவில்லை. இப்போது நிலைமை முன்னைவிட மோசம். பிடுங்கத் தெரிந்த குடும்பம் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் முறை ஏறுவதாக இருந்தது. நான் பரமனையும் வனவரையும் மட்டும் ஏறச் சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். இரண்டு நாளாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, கல் எங்கே என்பது. அந்தக் கல்லை நட்டதை யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வரைபடத்தில் முக்கோணம் இருக்கிறது, பதிவேட்டில் இருபத்தாறு தடவை 'உள்ளது' இருக்கிறது, அதனால் கல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். அணையின் நீர்மட்டத்தை நான் எழுதிய மாதிரி.

தேனி தனி மாவட்டமாவதற்கு முந்தைய பழைய ஆவணங்கள் மதுரைப் பதிவறையில் இருந்தன. மதியம் பன்னிரண்டு மணிக்கு மூல அளவைப் புத்தகம் கைக்கு வந்தது. நான் உயிரோடு பார்த்திராத யாரோ ஒரு சர்வேயரின் எழுத்து. ஓடைக்கரைக் கல்வரை எல்லாக் கோடும் முழுக்கோடு, ஒவ்வொன்றுக்கும் நீளம் எழுதியிருந்தது. ஓடைக்கரையிலிருந்து கூகைப்பாறைக்குப் போகிற கடைசிக் கோடு மட்டும் புள்ளிக்கோடு. நீளம் இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: மேலே ஏற முடியவில்லை, பாறையின் உச்சியை இங்கிருந்தே குறிவைத்துப் பார்த்தேன், கல் பிறகு நட வேண்டும். பக்கத்தில் அவர் பார்த்த கோணம்.

பிறகு யாரும் நடவில்லை. யாரோ நகல் எடுத்தபோது புள்ளிக்கோடு முழுக்கோடாகிவிட்டது. நட வேண்டிய கல் நட்ட கல்லாகிவிட்டது.

அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஏறவில்லை என்று எழுதியிருக்கிறார். அது போதும். அவர் நின்ற ஓடைக்கரைக் கல் இன்றும் இருக்கிறது, கோணம் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே கருவியை வைத்து அந்தக் கோணத்தில் பார்த்தால் தெரிவது கூகைப்பாறையா கீழ்மொட்டையா என்று பார்த்துவிடலாம். சிக்னலுக்காகப் பாறை மேல் காத்திருந்த பரமனிடம் போனில் கோணத்தைச் சொன்னேன். ஓடைக்கரைக்கு இறங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பேசினான்.

"கூகைப்பாறை உச்சி மேடம். நட்டநடு உச்சி. வனவரும் குனிஞ்சு பாத்தாரு. கீழ்மொட்ட ரொம்ப வெலகி இருக்கு."

எல்லை கிடைத்துவிட்டது. ஆனால் தவமணி மேல் உள்ள சந்தேகம் போகவில்லை. பிறகு நட வேண்டும் என்று எழுதியிருக்கிறது, பிறகு நட்டிருக்கலாம், இருபத்தாறு பேர் பார்த்திருக்கிறார்களே என்று கேட்பார்கள். அந்த இருபத்தாறு பேரில் யாராவது உண்மையில் மலை ஏறினார்களா? டைப் அடித்த நகலில் கையெழுத்துகள் இல்லை. சனிக்கிழமை காலை தாலுகா அலுவலகத்தில் மூலப் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன்.

நீல மை, கறுப்பு மை, பச்சை மை. உள்ளது, உள்ளது, உள்ளது. பல கையெழுத்துகள் எனக்குத் தெரிந்தவை. சிலர் இறந்துவிட்டார்கள். பக்கத்தைத் திருப்பினேன். பத்தொன்பதாவது பதிவு என்னுடையது.

ஒருகாலத்தில் எட்டு மாதம் அந்தப் பகுதியைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்திருக்கிறேன். மறந்தே போயிருந்தது. பதிவைப் போட்ட நாளில் என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஏதோ ஒரு வருடக் கடைசி, முடிக்க வேண்டிய பதிவேடுகளின் அடுக்கு, மேலே உள்ள வரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கீழேயும் எழுதியிருப்பேன். ஆனால் ஒன்று நிச்சயம். நான் மலைக்குப் போகவில்லை. போயிருந்தால் புதன்கிழமை இரண்டு இடத்தில் வழி தவறியிருக்க மாட்டேன். தவமணி கேட்டபோது, வனவரை வைத்துக்கொண்டு, இதுதான் முதல் தடவை என்று சொல்லியிருக்கவும் மாட்டேன்.

மற்ற இருபத்தைந்து பேர் போனார்களா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. நான் பார்க்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியும்.

சனிக்கிழமை மாலை அறிக்கையை மேலதிகாரியிடம் வைத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பத்தியில் நின்றார்.

"இது எதுக்கு?"

"நடந்தது சார்."

"சில பதிவுகள் நேரில் ஆய்வு செய்யாமல் எழுதப்பட்டிருக்கலாம்னு பொதுவா போட்டுக்கலாமே. உங்க பேரு எதுக்கு?"

"இருக்கலாம்னு போட்டா, இல்லாமலும் இருக்கலாம்னு வக்கீல் கேப்பாரு சார். அந்தம்மா மேல கேஸ் நிக்கும்."

"பென்ஷன் நிக்கும், அதை யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தேன். தாலுகா அலுவலகத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் ஆரம்பித்து அறிக்கை டைப் ஆகிற வரைக்கும் அதையும் யோசித்தேன். ஆனால் அறிக்கையில் சுருளி கல் தூக்கி வந்ததை எழுதியிருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்குப் பாதகமானதை ஒன்றுவிடாமல் எழுதிவிட்டு, எனக்குப் பாதகமானதை 'இருக்கலாம்' என்று எழுதினால், அதைப் படிக்கிற யாரும் மொத்த அறிக்கையையும் நம்ப வேண்டியதில்லை. அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அப்படியே போகட்டும் சார்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். திருத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் அந்தப் பத்தியை இரண்டு தடவை வாசித்தார்கள். 'பத்தொன்பதாவது பதிவு என்னுடையது. நான் அந்த மலைக்குப் போகாமல் எழுதினேன்.' எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அப்படியானால் மற்றவர்களும் போகவில்லை என்கிறீர்களா என்று கேட்டார்.

"தெரியாது. நான் பார்க்கவில்லை" என்றேன்.

கல் பிடுங்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடிந்தது. எல்லை, பழைய புத்தகத்தின் கோணப்படி கூகைப்பாறை உச்சி. கோடு போட்டுப் பார்த்ததில் தவமணியின் தோப்பில் மேல்மூலை மட்டும் காட்டுக்குள் போனது. ஒன்பது மரம். அவருக்கு அதில் வருத்தம்தான். அந்த ஒன்பதும் நன்றாகக் காய்ப்பவை என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எழுதிக் கொடுத்தேன். பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது, பென்ஷன் இரண்டு மாதம் தாமதமாக வந்தது. அவ்வளவுதான். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் அதே பத்தியைத்தான் எழுதியிருப்பேன் என்று இப்போது தைரியமாகச் சொல்கிறேன். அன்றைக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு அந்த முச்சந்திக் கல்லை நட உத்தரவு வந்தது. நாலு ஆட்கள் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதில் ஒருவர் சுருளி. அனுபவம் உள்ள ஆள் என்று பரமன்தான் கூப்பிட்டுக்கொண்டான். இந்தத் தடவை வழி தவறவில்லை. உச்சிக்குப் பக்கத்தில் மண் பிடித்திருந்த இடத்தில் குழி தோண்டினோம். கரி கொண்டுவர மறந்துவிட்டோம். தவமணி அம்மா இறங்கிப் போய், தன் அடுப்பிலிருந்து ஒரு சட்டி நிறையக் கரி எடுத்துக்கொண்டு வந்து கொட்டினார்.

"இனிமே யாராச்சும் தோண்டுனா என் அடுப்புக்கரிதான் சாட்சி" என்றார்.

"கரிக்கு சம்மன் அனுப்புவாகளா மேடம்?" என்றான் பரமன்.

பதிவேட்டில் அந்தக் கல்லுக்கு நேராக இருபத்தேழாவது பதிவை நான்தான் எழுதினேன். 'இன்று நட்டோம். நானே பார்த்தேன்.' நேரம், உடன் இருந்தவர்கள் பெயர், ஏறின பாதை, எல்லாவற்றையும் எழுதினேன். அந்தக் கட்டத்தில் ஒரு சொல் எழுதத்தான் இடம் இருக்கும். அடுத்த கட்டத்திலும் எழுதினேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. உங்களில் யாருக்காவது அந்தப் பகுதி கிடைக்கும். பந்தல்கள் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள். கல் அங்கே இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.